கண்மாய்க் கரை உடையாமல் காப்பது எப்படி?

பொன்னமராவதி வட்டாரத்தில் நன்செய் விவசாயம் கண்மாயை நம்பியே நடக்கிறது. குன்றுகளிலும் பாறைத் திட்டுகளிலும் விழும் மழைநீர், வரத்து வாரிகள் வழியாக ஓடி வந்து கண்மாய்களில் தங்குகிறது. ஒரு கண்மாய் நிரம்பினால் அதன் மறுகால் அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் பெய்யும் மழைதான் தை மாதம் வரை பயிரைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே கண்மாயில் ஓர் அங்குலம் தண்ணீர் கூடுதலாக நின்றாலும் விவசாயிக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ஓர் அங்குல ஆசையே சில வேளைகளில் கரையை உடைத்து, முழுத் தண்ணீரையும் கொண்டு போய்விடுகிறது.

கரை உடைந்தால் நட்டம் தண்ணீரோடு நிற்பதில்லை. உடைப்புக்கு நேர் கீழே உள்ள வயல்களில் மேல்மண் அரித்துப் போகும். மற்ற வயல்களில் மணல் மேடிடும். அந்த மணலை அள்ளி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஒரே நேரத்தில் பாய்ந்த வெள்ளம் அடுத்த கண்மாயையும் உடைக்கக் கூடும்.

சட்டம் பார்க்காத அணை

2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் உயரமுள்ள அணைகளுக்கும் பொருந்தும். நமது கண்மாய்க் கரைகள் பெரும்பாலும் இந்த உயரத்தை எட்டுவதில்லை. எனவே அணைகளுக்கு உள்ள கட்டாய ஆய்வு கண்மாய்களுக்கு இல்லை. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. ஆயினும் கரை மேல் தினமும் நடப்பவர் விவசாயிதான். கசிவை முதலில் பார்ப்பவரும் அவரே.

சிறிய அணைதானே என்று அலட்சியம் கூடாது. மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருந்த திவாரே என்ற சிறிய மண் அணை 2019 ஜூலை 2-ஆம் தேதி இரவு உடைந்து, ஏறத்தாழ இருபது பேர் உயிரிழந்தனர். அணையில் கசிவு இருப்பதாக ஊர் மக்கள் முன்பே முறையிட்டிருந்தனர். இலங்கையில் திருகோணமலை மாவட்டத்திலுள்ள பழம்பெரும் கந்தளாய்க் குளத்தின் கரை 1986 ஏப்ரல் 20-ஆம் தேதி அதிகாலையில் உடைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல நூற்றாண்டு நின்ற கரை என்பதும் பாதுகாப்புக்கு உறுதி ஆகாது.

தொடர் கண்மாய்களுக்குப் பாடமாக இருப்பது ஆந்திர மாநிலம் கடப்பைப் பகுதியில் செய்யேற்றின் மீதிருந்த அன்னமய்யா அணை. 2021 நவம்பர் 19-ஆம் தேதி, மேலே உள்ள பிஞ்சா அணைப் பகுதியில் உடைப்பு ஏற்பட்டு வந்த வெள்ளமும் சேர்ந்துகொள்ள, அன்னமய்யா அணையின் மண் கரை மேல் தண்ணீர் வழிந்து கரை அடித்துச் செல்லப்பட்டது. அணையின் ஐந்து கதவுகளில் ஒன்று இயங்கவில்லை. நம் மாநிலத்தில் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன.

கரை உடைய இரண்டு காரணங்கள்

மண் கரைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் உடைகின்றன. ஒன்று, தண்ணீர் கரையின் மேல் வழிந்து புறச்சரிவை அரிப்பது. மற்றொன்று, கரைக்குள் எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர், மடைக் குழாயை ஒட்டிய இடுக்கு ஆகியவற்றின் வழியே தண்ணீர் புகுந்து, மண்ணைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டு வருவது. முதலாவதைக் கலிங்கும், இரண்டாவதை விவசாயியின் கண்ணும் தடுக்க வேண்டும்.

கலிங்கை அடைத்தால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கண்மாய்க்கு ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 250 ஏக்கர் நீர்ப்பிடிப்புப் பகுதி இருப்பதாகக் கொள்வோம். கண்மாய் நிரம்பியிருக்கும்போது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் கன மீட்டர். அதில் பாதி ஓடி வந்தாலும் 50,000 கன மீட்டர். அது ஐந்து மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் வினாடிக்கு 2.8 கன மீட்டர்.

பத்து மீட்டர் நீளக் கலிங்கு இந்த நீரை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில் வழியவிட்டு வெளியேற்றிவிடும். கலிங்கில் பாதி, சீமைக் கருவேல் மண்டி அடைபட்டிருந்தால், அதே நீர் வெளியேற 48 சென்டிமீட்டர் உயரம் தேவைப்படும். இனி, கலிங்கின் மேல் ஓர் அடி உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கியிருப்பதாகக் கொள்வோம். கண்மாய் ஏற்கெனவே ஓர் அடி கூடுதலாக நிரம்பி இருக்கும். வெள்ளம் வந்ததும் அதற்கு மேல் மற்றோர் அடி ஏறும். கரையில் மாடும் டிராக்டரும் ஏறி இறங்கித் தாழ்ந்துபோன இடம் எங்கேனும் இருந்தால், தண்ணீர் அங்கேதான் வழியும். வழியத் தொடங்கிய மண் கரையைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

பழைய கலிங்குகளில் கல் தூண்கள் நட்டிருப்பதைக் காணலாம். அவற்றின் இடையே பலகை வைத்துத் தண்ணீரைச் சிறிது உயர்த்தும் வழக்கம் உண்டு. மழைக்காலம் முடியும் தறுவாயில், கரை உறுதியாக உள்ள கண்மாயில், பொறுப்பான ஆள் அருகில் இருக்கும்போதே அதைச் செய்யலாம். ஐப்பசியில் செய்யக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. உள்வாயில் பயிர் செய்திருப்பவர்கள் தங்கள் பயிர் மூழ்காதிருக்க இரவில் கலிங்கையோ கரையையோ வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய சிறு வாய்க்கால் விடிவதற்குள் பெரிய உடைப்பாகிவிடும். உள்வாய் ஆக்கிரமிப்பை மழைக்கு முன்பே முறைப்படி அகற்றுவதுதான் இதற்கு வழி.

புரட்டாசிக்குள் செய்ய வேண்டியவை

1. கலிங்கையும் மறுகால் ஓடையையும் அடுத்த கண்மாய் வரை புதர் நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். கலிங்குக்குக் கீழே குழி விழுந்திருந்தால் கல் பாவ வேண்டும்.

2. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு, கரையின் மட்டத்தை இருபது மீட்டருக்கு ஓர் இடத்தில் பார்க்க வேண்டும். வெள்ளம் கலிங்கில் வழியும் உயரத்துக்கு மேலும் கரை குறைந்தது முக்கால் மீட்டர் நிற்க வேண்டும். ஒரு மீட்டர் இருந்தால் நல்லது.

3. தாழ்ந்த இடத்தில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போவது பயன் தராது. புல்லையும் வேரையும் செதுக்கி, பழைய கரையைப் படிபோல் வெட்டி, அரை அடிக்கு ஓர் அடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும். மண்ணைக் கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும். கையில் ஒட்டக் கூடாது. அதுவே சரியான ஈரம்.

4. எலி வளைகளை முடிவு வரை தோண்டி, மண் இட்டு இறுக்க வேண்டும். வாயை மட்டும் அடைத்தால் உள்ளே குழி அப்படியே இருக்கும்.

5. கரை மேல் உள்ள பெரிய மரங்களை மழைக்கு முன் வேரோடு பிடுங்கக் கூடாது. அந்த வேலையைக் கோடையில் செய்து, குழியை அடுக்கடுக்காக மூட வேண்டும். கரையில் அருகும் வெட்டிவேரும் வளர்ப்பது நல்லது. மரக்கன்று நடுவது நல்லதல்ல.

6. வண்டல் எடுப்பவர்கள் கரையடியை ஒட்டித் தோண்டக் கூடாது. கரை உயரத்தின் பத்து மடங்கு தூரமாவது தள்ளி எடுக்க வேண்டும். கரையடியில் குழி விழுந்தால் கரை சரிய வழியாகும்.

7. மடைக் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

கசிவைக் கண்டால்

கண்மாய் நிரம்பியதும் காலையும் மாலையும் புறக்கரையின் அடியில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். மடை உள்ள இடத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கசிவு தெளிவாக வந்தால், சிறு வாய்க்கால் வெட்டி அதை ஒரு வாளியில் பிடித்து, வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்து வைக்கலாம். கண்மாயின் மட்டம் உயராமலே வாளி விரைவில் நிரம்பினால் கரைக்குள் வழி பெரிதாகிறது என்று பொருள். கலங்கலாக வந்தால் காத்திருக்கக் கூடாது. கரையின் மண்தான் அந்தத் தண்ணீரில் வருகிறது.

அப்போது பலரும் செய்யும் தவறு, வெளியே களிமண்ணை வைத்து அடைப்பது. அடைபட்ட தண்ணீர் கரைக்குள் வேறு வழி தேடும். புறக்கரையில் தண்ணீரை வெளியே விட வேண்டும். மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். கசியும் இடத்தில் பருமணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று பரப்பினால் மண் தங்கி நீர் மட்டும் வெளிவரும். கரையடியில் ஊற்றுப்போல் மணலைத் தள்ளிக்கொண்டு கொப்பளித்தால், அதைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர்போல் அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஓரளவு ஏறியதும் மணல் வருவது நின்றுவிடும். அதற்கு மேல் உயர்த்தக் கூடாது. களிமண்ணும் தார்ப்பாயும் பயன்படுவது உட்புறத்தில், தண்ணீர் புகும் வாயில்தான்.

உடனே எல்லா மடைகளையும் திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும். கீழ்க் கண்மாய் ஊருக்கும், தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்களுக்கும் பொழுது பாராமல் சொல்லி அனுப்ப வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிப்பதோடு, மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம். அவசரத்துக்குக் கரையை வெட்டித் தண்ணீர் விடுவதை ஊரார் தாமாகச் செய்யக் கூடாது. அதைப் பொறியாளர் இடம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மேல் ஊரும் கீழ் ஊரும்

தொடர் கண்மாய்களில் மேல் கண்மாய்க்காரர்கள் கலிங்கை அடைத்தால் கீழ் ஊருக்குத் தண்ணீர் இல்லை. மேல் கரை உடைந்தால் கீழ் ஊருக்குக் கரையும் இல்லை. ஆகவே மழைக்கு முன் இரு ஊர் ஆயக்கட்டுதாரர்களும் கூடிப் பேசி, கலிங்கின் மட்டத்தைக் கல்லில் குறியிட்டு, இரவுக் காவலுக்கு ஆள் நியமித்து, நூறு மணல் மூட்டைகளைக் கரை மேல் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. முன்பு மடையரும் நீர்க்கட்டியும் செய்த வேலை இது. அவர்கள் இல்லாத ஊர்களில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் முறை வைத்துச் செய்யலாம்.

கரை மட்டம் பார்ப்பது, வெட்டிவேர் நடவு ஆகியவை பற்றி அறிய விரும்பும் விவசாயிகள் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தையோ மழைக்கு முன்பே அணுகிப் பயன் பெறலாம்.