‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவன் முதலில் அறியும் சொற்களுள் ‘ரன்’ என்பதும் ஒன்று. மூன்றே எழுத்துக்கள், பொருள் ‘ஓடு’. அம்மட்டில் அதனைக் கற்றுமுடித்தோம் எனக் கருதுவார் ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியை விரித்து நோக்குவாராக. 1989-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடம் பெற்ற சொல் ‘செட்’ என்பது. பின்னர் நிகழ்ந்த திருத்தத்தில் ‘ரன்’ அதனை விஞ்சிற்று. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் வகுக்கப்பட்டன என 2011-இல் தெரியவந்தது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியாசிரியர் இவ்வொரு சொல்லின்மேல் ஒன்பது திங்கள் உழைத்தார்.

இத்துணைப் பொருளும் எங்ஙனம் கிளைத்தன? இதன் பழைய வேர் காலால் ஓடுதலையும் நீர் ஒழுகுதலையும் ஒருங்கே குறித்தது. ஜெர்மன் மொழியில் இதன் இனச்சொல்லாகிய ‘ரின்னென்’ இன்றும் ஒழுகுதற் பொருளில் வழங்கும். ஆதலின் ஆற்று நீருக்கும், சளி கொண்டான் மூக்கிற்கும், துவைத்த ஆடையின் சாயத்திற்கும் ஆங்கிலர் இச்சொல்லையே ஆளுதல் வியப்பன்று. பொறி இயங்குதலும், சாலை ஊர்தோறும் செல்லுதலும், நாடகம் பலநாள் நடைபெறுதலும் இதனுள் அடங்கும். கிரிக்கெட் ஆட்டத்திலோ, பந்து எல்லையைக் கடந்துவிடின் ஒருவரும் ஓடாமலே நான்கு ‘ரன்’ எய்தலாம்!

தமிழில் ‘ஓடு’ என்பதும் நெடுந்தொலைவு உடன் செல்கின்றது. ஆறு ஓடும், கடிகாரம் ஓடும், ஆண்டுகள் ஓடும், திரைப்படமும் நூறுநாள் ஓடும். ஆனால் மூக்கு ஒழுகும், சாயம் போகும். இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் நிறைந்த பாத்திரத்திற்கு ஆங்கில வேதாகமம் இச்சொல்லை ஆள, நம்மவர் மொழிபெயர்ப்பு ‘வழிதல்’ என்றே கூறிற்று. கடையை ஆங்கிலர் ஓடச்செய்வர், நாம் நடக்கச்செய்கின்றோம். ‘நடத்து’ என்பது ‘நட’ என்பதன் பிறவினையன்றோ? தேர்தலில் அமெரிக்கர் ஓடுவர், இங்கிலாந்தினர் நிற்பர், நாமும் நிற்கின்றோம்.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்புத் தேர்வில் சில மதிப்பெண்களை இழப்பிப்பதோடு அமைவதன்று. பாங்கியோடு இச்சொல் பெயராய் வரும் இடத்தை நோக்குக. பணம் இட்டோர் அனைவரும் அச்சமுற்று ஒருங்கே திரண்டு தம் பணத்தைத் திரும்பக் கேட்டலை அது குறிக்கும். இட்ட பணத்தின் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருத்தலின், நன்னிலையிலுள்ள பாங்கியும் அவ்வேளையில் கவிழக்கூடும். 1933 மார்ச்சில் அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் நாட்டின் பாங்கிகள் அனைத்தையும் சில நாள் மூடுவித்தது இவ்வச்சம் பற்றியே. இதனை ஒருவன் ‘பாங்கி நடைபெறுகின்றது’ எனப் பெயர்த்து நாளிதழில் வெளியிடின், பணம் இட்ட ஏழையின் கதி என்னாம்!

பொருட்பெருக்கம் கண்டு ஆங்கிலமே வளமுடையது என்பாரும் உளர். ஒரு சொல்லே பல வேலை செய்தல் வளமோ வறுமையோ என்பது எனக்கு ஐயமே. தொல்காப்பியர் உரியியலிலேயே ஒருசொல் பலபொருட்கு உரியதாதலைக் குறித்துள்ளார். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராந் தொகுதி முழுதும் இதற்கே உரியது. ஆயின் அது பெயர்களின் தொகுதி. ‘ஓடு’, ‘நில்’, ‘போடு’ முதலிய நம் எளிய வினைகளையும் அன்றாடப் பேச்சுவழக்கோடு வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல், நம் வகுப்பினர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணியே.