தீவில் எலிக்கா பஞ்சம்?

அந்தமானுக்கு எலிக்காய்ச்சல் பழைய விருந்தாளி. கைதிகள் குடியேற்றமாக இருந்த காலத்திலேயே இங்கு அந்த நோய் இருப்பதை டெய்லர், கோயல் என்ற இரு மருத்துவர்கள் 1931இல் எழுதி வைத்தார்கள். பிற்காலத்தில் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று மக்களை மிரட்டியதும் இதே நோய்தான் என்பது 1990களில் தெளிவானது. அதில் பெரும்பங்கு 1983இல் போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், தொடங்கப்பட்ட ஐ.சி.எம்.ஆர். மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்துக்கு உண்டு. இப்படிப்பட்ட தீவில் ஆராய்ச்சி எலி என்று பேச்செடுத்தால் ஆளுக்கொரு கருத்து இருக்கும். ஐந்தை மட்டும் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வயலில் ஓடும் எலியைப் பிடித்தே ஆராயலாம், காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

உண்மை: வயல் எலியையும் பிடிக்கிறார்கள். ஆனால் அது, எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரகத்தில் குடியிருக்கிறதா என்று பார்க்க. மருந்தைச் சோதிக்க அது உதவாது. அதன் வயது என்ன, ஏற்கெனவே என்ன நோய் கண்டது என்று யாருக்குத் தெரியும்? ஆய்வகத்து வெள்ளைச் சுண்டெலிக்கு வம்ச வரலாறே உண்டு. 'சுவிஸ்' வகையின் மூதாதைகள் 1926இல் லோசானிலிருந்து நியூயார்க் போன இரண்டு ஆண், ஏழு பெண் சுண்டெலிகள். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவுபெற்ற வளர்ப்பாளரிடமிருந்தே வாங்க வேண்டும். வந்து இறங்கியதும் வேலையைத் தொடங்கவும் கூடாது. சிறு விலங்குகளைக் குறைந்தது ஒரு வாரம் தனியே வைத்துக் கவனிக்கச் சொல்கின்றன அரசின் வழிகாட்டு நெறிகள். கடல் கடந்து வரும் விலங்குக்கு இந்த ஓய்வு இன்னும் முக்கியம்.

நம்பிக்கை 2: எலிக்காய்ச்சலை ஆராய எலிதான் வேண்டும்.

உண்மை: பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. எலிக்கும் சுண்டெலிக்கும் இந்தக் கிருமி பெரும்பாலும் நோய் தருவதில்லை. அவை சுமந்து திரிந்து சிறுநீரில் வெளியேற்றும், அவ்வளவுதான். மனிதரைப் போல நோயில் விழுபவை ஹாம்ஸ்டரும் கினிப்பன்றியும். பொருந்தாத விலங்கை எடுத்தால் அத்தனை உயிரும் வீண். நோயைக் கண்டறியவோ விலங்கே தேவையில்லை. நோயாளியின் சீரத்தை உயிருள்ள கிருமியோடு கலந்து, கிருமிகள் ஒட்டித் திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்த்தால் போதும்.

நம்பிக்கை 3: எலிக்கு ஏ.சி. அறையும் படுக்கையும் வீண் செலவு.

உண்மை: ஈரப்பதம் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன நெறிகள். மழைக்காலத்து அந்தமானில் வெளிக்காற்றே அதைத் தாண்டிவிடும். கூண்டில் பரப்பிய உமி நனைந்தால் சிறுநீரிலிருந்து அம்மோனியா கிளம்பும். நிமிர்ந்து நிற்கும் பணியாளரின் மூக்குக்கு அது எட்டும் முன்பே, உமியில் மூக்கை வைத்துத் தூங்கும் சுண்டெலியின் சுவாசப்பாதை புண்ணாகிவிடும். பிறகு மருந்து நுரையீரலைக் கெடுத்ததா, கூண்டு கெடுத்ததா என்று யார் சொல்வது? குளிர் அதிகமானாலும் ஆபத்து. நமக்கு இதமான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர்தான். அது சுகமாக இருப்பது ஏறத்தாழ 30 டிகிரியில். கொஞ்சம் மெல்லிய காகிதத்தைப் போட்டால் போதும், இரவோடு இரவாகக் கிழித்துச் சுருட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். தூக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. வாலைப் பிடித்துத் தூக்கினால் மிரளும். ஒரு குழாய்க்குள் நுழையவிட்டுத் தூக்கினால் அவ்வளவு மிரளாது.

நம்பிக்கை 4: ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டால் கேட்பார் இல்லை.

உண்மை: 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே மத்தியக் குழு இருக்கிறது. நிறுவனந்தோறும் நெறிமுறைக் குழுவும் உண்டு. அதில் கால்நடை மருத்துவர், வெளி நிறுவன விஞ்ஞானி, அறிவியல் துறை சாராத ஒருவர், மத்தியக் குழுவின் பிரதிநிதி எல்லாரும் உட்கார வேண்டும். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்காமல் ஊசியைத் தொடக் கூடாது. விதி காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்ப்பது அந்தக் குழுவின் பொறுப்பு.

நம்பிக்கை 5: ஆய்வு முடிந்ததும் காட்டில் விட்டுவிட்டால் புண்ணியம்.

உண்மை: பாவம்தான் சேரும். கூண்டில் பிறந்த வெள்ளைச் சுண்டெலிக்கு இரை தேடவும் தெரியாது, பாம்புக்கு ஒளியவும் தெரியாது. தப்பிப் பிழைத்தாலோ இன்னும் மோசம். அந்தமான் எலி, அந்தமான் முள்மூஞ்சூறு என்று உலகில் வேறெங்கும் இல்லாத சிற்றுயிர்கள் இங்கே வாழ்கின்றன. வெளியாளோடு வரும் நோயையும் போட்டியையும் தீவு உயிர்கள் தாங்குவது கடினம். வலியில்லாத முடிவைத் தருவதே அந்த விலங்குக்கு நாம் செய்யும் கடைசிக் கடமை.

ஆய்வகம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் மாணவர்களும் ஆசிரியர்களும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இந்த விலங்கு எங்கிருந்து வந்தது? இதற்கு அனுமதி தந்தது யார்? இது இல்லாமலே இந்தச் சோதனையைச் செய்ய முடியாதா? மூன்றுக்கும் பதில் வராத இடத்தில், அங்கே கிடைக்கும் முடிவுகளையும் நம்ப வேண்டியதில்லை.