தபால் படக் கார்டு சேர்ப்பவர்களுக்கு

தபால்பெட்டி, தபால்காரர், ரயில் தபால் வண்டி, ஈட்டியும் சலங்கையுமாக ஓடும் ரன்னர் என்று தபால் சம்பந்தமான படம் போட்ட கார்டுகள் தனி அழகு. இவற்றில் படத்துக்கு இருக்கும் மதிப்பு முதுகுப் பக்கத்துக்கும் உண்டு.

1. எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். தபால்பெட்டி மட்டும், அல்லது தபால் ஆபீஸ் கட்டடம் மட்டும் என்று தொடங்குங்கள்.

2. வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். சென்னை ராஜாஜி சாலையில் 1884இல் திறந்த பெரிய தபால் ஆபீஸின் படமும், அதே ஆபீஸின் முத்திரையும் ஒரே கார்டில் கிடைத்தால் விடாதீர்கள். எழுதாத பளபளப்பான கார்டு பத்தைவிட அது ஒன்று மேல்.

3. தேதி அழிந்திருக்கிறதா? வேறு அடையாளங்கள் உண்டு. முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத இடமே விடாமல், படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தால் மிகப் பழையது. அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரிக்க பிரிட்டன் அனுமதித்ததே 1902இல்தான். தபால்தலையில் ‘நயா பைசா’ இருந்தால் 1957க்கு முந்தியதல்ல. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது.

4. தபால்தலையைத் தண்ணீரில் நனைத்துப் பிரிக்கவே கூடாது. தலை, முத்திரை, கையெழுத்து மூன்றும் சேர்ந்ததுதான் கார்டு. நல்ல சேதிக்காக மூலையில் தடவிய மஞ்சளையும் துடைக்காதீர்கள். கடிதக் கம்பியில் குத்திய ஓட்டையை ஒட்டி மறைப்பதும் தவறு. அந்த வீட்டில் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

5. செல்லோ டேப், பசை, பால்பாயிண்ட் பேனா மூன்றுக்கும் தடை. குறிப்பு எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், பின்பக்க ஓரத்தில்.

6. மலிவான பிவிசி உறை நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் உறை வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அந்துருண்டை கார்டில் படக் கூடாது.

7. பழையது கிடைக்காவிட்டால் புதிதாக நீங்களே உண்டாக்கலாம். இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் 14,000 அடிக்கு மேல் இருக்கும் ஹிக்கிம் தபால் ஆபீஸுக்குப் போகிறவர்கள் தங்களுக்கே கார்டு போட்டுக்கொள்கிறார்கள். ஊர்ப் பயணம் எதிலும் இதைச் செய்யலாம்: அந்த ஊர்த் தபால் ஆபீஸைப் படமெடுத்துக் கார்டாக அச்சிட்டு, கவுன்ட்டரில் கொடுத்து, முத்திரையைத் தெளிவாகப் போட்டுத் தரும்படி பணிவாகக் கேளுங்கள். படப் பக்கத்திலேயே அதே பொருளுள்ள தலையை ஒட்டி, பொருத்தமான முத்திரையும் வாங்கினால் அது ‘மேக்ஸிமம் கார்டு’. சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குவது.

8. வெளிநாட்டுக் கார்டுகளுக்கு 2005இல் போர்ச்சுகலில் தொடங்கிய ‘போஸ்ட்கிராஸிங்’ என்ற கார்டுப் பரிமாற்ற இணையதளம் நல்ல வழி. உங்களைப் பற்றிய குறிப்பில் “தபால்பெட்டிப் படம் பிடிக்கும், தலை ஒட்டி, உறையில் போடாமல் அப்படியே அனுப்புங்கள்” என்று எழுதிவையுங்கள். உறைக்குள் வந்தால் கார்டில் முத்திரை விழாது.