கொள்ளைநோய் வருமுன் ஊரை அளத்தல்

நோய் தீர்க்கப் புகுவோன் முதலில் ஆராய வேண்டியவை மூன்று என்பது வள்ளுவர் கருத்து. பிணிப்பட்டவனது நிலை எத்தகையது, அப்பிணியின் வன்மை எவ்வளவு, அது நிகழுங் காலம் யாது என்பனவே அவை. மருந்து என்னும் அதிகாரத்தில் இதனை அவர் கூறியுள்ளார். வகுப்பறையிலே அக்குறளைக் கற்பிக்குங்கால் நாம் அதனைத் தனியொரு நோயாளிக்கே உரியதாகக் கொள்வது வழக்கம். ஆயின், நோயுறுவது ஒருவனல்லன், ஓர் ஊர் முழுவதுமே என்னும்போது அம்மூன்றையும் எவ்வாறு அளப்பது? ஊருக்கு நாடி பிடித்துப் பார்க்க இயலுமா? இவ்வினாவைக் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் இன்று பயிலும் மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு ஆராய்தல் எமது நோக்கமாகும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள், கொவிட்–19 நோயை உலகப் பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் கூறியது. அந்நாளிலே, "நெருக்கம் நகரத்திலன்றோ உள்ளது, கிராமத்துக்கு என்ன குறை?" என்று ஆறுதல் கொண்டோர் பலர். காற்றோட்டமும் வெளியும் உள்ள இடம் கிராமம் என்பது மெய்யே. ஆயினும் அஃதொன்றே அளவுகோலாகுமா? ஆகாது என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது.

நலிவுநிலை என்பது யாது?

கொள்ளைநோய் ஒன்று எழுமாயின் ஓர் ஊர் எத்துணை எளிதாகவும் எத்துணை ஆழமாகவும் அதனால் இடருறும் என்பதனையே நலிவுநிலை என்கின்றோம். அது மூன்று கூறுகளை உடையது. முதலாவது, நோய் ஊருக்குள் நுழையும் வாயில். இரண்டாவது, நுழைந்த நோயை எதிர்க்கும் உடல்வன்மை மக்களிடத்தில் உளதா இலதா என்பது. மூன்றாவது, நோயுற்றாரைத் தாங்கி மீட்கும் ஆற்றல் ஊருக்கு உளதா என்பது. இம்மூன்றும் வேறுவேறானவை. ஒன்றை அளந்துவிட்டு மற்றவற்றையும் அளந்ததாக எண்ணுதல் பெரும் பிழை.

வாயிலின் சிறப்பைக் காட்டுதற்குச் சமோவாத் தீவுகளினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது. பசிபிக் மாகடலிலுள்ள அத்தீவுகள் 1918ஆம் ஆண்டிலே இரு ஆட்சிகளின் கீழ் இருந்தன. மேற்குச் சமோவா நியூசிலாந்தின் வசமும் கிழக்குச் சமோவா அமெரிக்காவின் வசமும் இருந்தன. இருபுறத்தாரும் ஓரினத்தவர், ஒரு மொழி பேசுவோர், ஊர்களிலே ஒரே வகையான வாழ்வு வாழ்ந்தோர். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் ஒக்லாந்திலிருந்து வந்த தலூன் என்னும் கப்பல் மேற்கேயுள்ள ஆப்பியாத் துறையை அடைந்தது. கப்பலில் இன்புளுவென்சாக் காய்ச்சல் கண்டோர் இருந்தும் பயணிகள் தடையின்றிக் கரையிறங்கினர். சில வாரங்களுள் அங்கு ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். அஃது அந்நாட்டு மக்களுள் ஐந்திலொரு பங்கினும் அதிகமாகும். கிழக்கிலோ, ஆளுநர் போயர் என்பார் துறையை அடைத்துக் காவலிட்டார். அங்கு அந்நோயால் ஒருவரும் இறந்திலர்.

உடலும் உணவும் குடிலும் ஒன்றாயிருக்க, வாயில் ஒன்றே வேறுபட்டமையால் இவ்வளவு வேற்றுமை விளைந்தது. மேற்குச் சமோவாவில் மற்றொன்றும் புலனாயிற்று. வீட்டிலுள்ளார் யாவரும் ஒரே வேளையிற் படுக்கையில் வீழ்ந்தமையால், தண்ணீர் மொண்டு கொடுக்கவும் உணவு தேடிச் சமைக்கவும் ஆளிலராயினர். நோயின் கொடுமையோடு பேணுவாரின்மையும் சேர்ந்தே பலரைக் கொன்றது. மருந்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக நோயாளியின் அருகிருந்து பேணுபவனையும் வள்ளுவர் வைத்தமையை ஈண்டு நினைத்தல் தகும்.

ஒரு நல்ல எண்ணிக்கை சொல்லாத செய்தி

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியா உலகப் பெருந்தொற்றன்று. ஒரு தீவினுள் எழுந்த கொள்ளைநோயே. ஆயினும் ஊரின் நலிவை அளப்பது எத்துணை நுட்பமான தொழில் என்பதை அதுபோல் உணர்த்துவது பிறிதில்லை.

மலேரியாவை அளத்தற்கு ஓர் எளிய கருவி முன்னரே இருந்தது. அந்நோய் அடிக்கடி பற்றிய பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கும். வயிற்றைக் கையாற் தடவியே அதனை அறியலாம். நூறு பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அவ்வீக்கம் உளது என்பதே மண்ணீரல் வீதம். இந்தியாவில் யமுனைக் கால்வாய்ப் பகுதிகளில் 1840களிலே தெம்சுற்றர் என்னும் மருத்துவர் இம்முறையைக் கையாண்டார். இலங்கையிலும் பாடசாலைப் பிள்ளைகளிடத்து இக்கணக்கு எடுக்கப்பட்டது. அவ்வீதம் 10க்கு உட்பட்டிருப்பின் நோய் சிறிது. 50க்கு மேற்படின் நோய் மிகக் கடிது என்பது பிற்காலத்தில் வகுக்கப்பெற்ற வரம்பு.

உலர் வலயத்து ஊர்களில் இவ்வீதம் உயர்ந்திருந்தது. கேகாலை, குருநாகல் முதலிய இடைவலயப் பகுதிகளிலோ, பல இடங்களில் அது தாழ்ந்திருந்தது. எண்ணை மட்டும் நோக்குவார்க்குக் கேகாலையே நலமுள்ள இடமாகத் தோன்றும். அதற்குக் காரணம், அங்கே ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தமையே. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு ஓடும் வெள்ளத்தில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. வெயில் படும் தெளிந்த குட்டைகளையே அது நாடும்.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் படுகைகள் வற்றிக் குட்டை குட்டையாயின. நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் நோய் காட்டுத்தீப்போற் பரவிற்று. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1935ஆம் ஆண்டிற் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. மிகக் கொடிய அழிவு கேகாலைப் பகுதியிலேயே நேர்ந்தது. எண்ணிக்கையில் நலமுடையதாய்த் தோன்றிய இடமே முதலில் வீழ்ந்தது.

இதன் காரணம் சிந்தித்தற்குரியது. நோய் அரிதாயிருந்த ஊரிலே அதனை எதிர்க்கும் வன்மையும் உடல்களில் அரிதாயிருந்தது. உலர் வலயத்தார் அவ்வன்மையைப் பெற்றிருந்தனர் எனினும், அது பேறு எனக் கூறத்தக்கதன்று. எத்தனையோ பிள்ளைகளைப் பலிகொடுத்து அவர்கள் பெற்றது அது. மேலும், 1930ஐ ஒட்டி எழுந்த உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பரும் தேங்காயும் விலை வீழ்ந்து, கூலியின்றி, அரைவயிறும் உண்ணாத குடும்பங்கள் பலவாயிருந்தன. பசித்த உடலில் காய்ச்சல் ஏறியது. மண்ணீரல் வீதம் பொய் கூறவில்லை. சென்ற காலத்து நோயை அது செவ்வனே கூறிற்று. வரும் நோயைத் தாங்கும் வலிமையை அதனிடம் கேட்டதே தவறு.

இத்தவறு ஒருமுறையோடு ஒழியவில்லை. 1946 முதல் டி.டி.ரி. தெளித்து நோயை அடக்கியதன் பயனாக, 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேரே. அவ்வெண்ணைக் கண்டு மகிழாதார் யார்? தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயுற்றோர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டனர். பின்னர்ப் பல்லாண்டு உழைப்பினால், 2012 ஒக்டோபருக்குப் பின் இந்நாட்டிலே தோன்றிய மலேரியா எதுவும் இன்றி, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றை இலங்கை பெற்றது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியிலேயே, நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரவல்ல புதியதோர் அனோபிலிசு இனம் மன்னாரிற் கண்டறியப்பட்டது. நோய் இல்லாமை வேறு. நலிவு இல்லாமை வேறு என்பதனை மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும்.

சுட்டெண் அமைக்கும் முறை

இக்காலத்து அறிஞர் ஒரே அளவைக் கொண்டு அமைதியுறுவதில்லை. பல அளவுகளைச் சேர்த்து ஒரு சுட்டெண் ஆக்குகின்றனர். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் வறுமை, குடும்ப அமைப்பு, சிறுபான்மை நிலை, வீடும் போக்குவரத்தும் என்னும் நான்கு தலைப்புகளில் 16 கூறுகளைத் தொகுத்து ஒவ்வொரு சிறு பகுதிக்கும் எண் வகுத்துள்ளது. 2020இல் இந்திய மாவட்டங்களுக்கு வெளியிடப்பட்ட கொவிட்–19 சுட்டெண் பொருளாதாரம், மக்கட்டொகை, வீடும் சுகாதாரமும், நோய்நிலை, மருத்துவ வசதி என ஐந்து பிரிவுகளை உடையது.

மைலும் வயதும் வருமானமும் வேறுவேறு அலகுகளை உடையன. அவற்றை எவ்வாறு கூட்டுவது என மாணவர் வினவலாம். விடை எளிது. மூன்று ஊர்கள் உள எனக் கொள்வோம். வைத்தியசாலைக்குள்ள தூரம் முதலூருக்கு 2 கிலோமீற்றர், இரண்டாவதற்கு 7, மூன்றாவதற்கு 12 என்க. ஓர் ஊரின் தூரத்திலிருந்து மிகக் குறைந்த தூரமாகிய 2ஐக் கழித்து, மிகக் கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வேறுபாடாகிய 10ஆல் வகுக்க. முதலூர் 0, இரண்டாவது 0.5, மூன்றாவது 1 எனப் பெறும். இவ்வாறே முதியோர் தொகை, நாட்கூலிக் குடும்பங்களின் தொகை ஆகியவற்றையும் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்களாக்கிச் சராசரி காணின், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சுட்டெண் கிடைக்கும். பெரிய எண் பெற்ற ஊர் பெரிதும் நலிவுடையது.

கணக்கு எளிது, ஆயின் மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, சராசரியில் ஒரு நன்மை ஒரு தீமையை மறைத்துவிடும். நல்ல வீடுகள் பல இருப்பதனால், மருத்துவர் இல்லாக் குறை நீங்கிவிடாது. இரண்டாவது, சில பொருள்கள் இருமுகம் உடையன. நல்ல வீதி வைத்தியசாலையை அண்மையாக்கும். அதுவே நோயையும் விரைந்து கொணரும். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவியபோது, அங்கு மீன் கொள்ளச் சென்ற வியாபாரிகள் வழியாக அது தூரத்துக் கிராமங்களையும் எட்டியது. நெருக்கமில்லாத ஊருக்கும் சந்தை என்னும் வாயில் உண்டு. மூன்றாவது, ஊரின் சராசரி ஊரின் கடைக்கோடியைக் காட்டாது. ஒரே கிராமத்தில் கல்வீட்டு வீதியும் உண்டு. காணியற்றோர் வாழும் கொட்டில்களும் உண்டு. இரண்டையும் ஓரெண்ணில் அடக்கினால் மறைந்துபோவோர் பின்னவரே. அளவில் மறைந்தோர், உதவி பங்கிடும் நாளிலும் மறைந்துபோவர்.

மாணவர் செய்யத்தக்கது

இவ்வளத்தல் பெரிய அறிஞர்க்கே உரியதன்று. 1926இல் களுத்துறையிலே தொடங்கப்பெற்ற சுகாதாரப் பிரிவு முறை, வீடு வீடாகச் சென்று ஊரை அறிதலையே அடிப்படையாகக் கொண்டது. இன்றும் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் அப்பணியைச் செய்கின்றனர். எமது மாணவரும் விடுமுறைக் காலத்தில் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு தத்தம் ஊரைச் சுற்றி, இவ்வினாக்களுக்கு விடை காணலாம்.

ஊரிலிருந்து நாள்தோறும் சந்தைக்கும் தொழிற்சாலைக்கும் சென்று மீள்வோர் எத்தனை பேர்? அறுபது வயது கடந்தோருள் தனித்து வாழ்வோர் எத்தனை பேர்? ஒரு வாரம் வேலை நின்றால் அடுப்பெரியாத வீடுகள் எத்தனை? ஒரே கிணற்றை எத்தனை குடும்பங்கள் பயன்படுத்துகின்றன? இரவிலே நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வாகனம் உண்டா? ஒரு வீட்டார் யாவரும் படுத்துவிட்டால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார் யார்? இறுதி வினாவுக்கு எந்தப் புள்ளிவிவர நூலிலும் விடை இராது. ஊரவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

இக்கணக்கில் எவருடைய பெயரையும் எழுதலாகாது; எண்ணிக்கையே போதும். வறுமையை எண்ணப் போனவர் வறியவரை நாணச் செய்தல் அறமன்று. கிடைத்த கணக்கைக் கிராம அலுவலரிடமும் பரிசோதகரிடமும் கையளித்தல் நன்று. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தலும் வேண்டும். 1963இன் பதினேழு என்னும் எண் ஆறே ஆண்டுகளில் என்னவாயிற்று என்பதை மறவாதிருப்போமாக.

அன்று இலங்கைப் பாடசாலைகளிலே பிள்ளைகள் வரிசையில் நின்றனர். பிறர் அவர்களது வயிற்றைத் தொட்டு ஊரின் நோயை அளந்தனர். இன்று அப்பிள்ளைகளின் பேரர் அளவுகோலைத் தாமே கையில் எடுக்கும் கல்வியைப் பெற்றுள்ளனர். எமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், பழைய மாணவர் தத்தம் ஊர்களுக்கும், பயிலும் மாணவர் தத்தம் அயலுக்கும் இப்பணியை ஆற்றுவாராயின், கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும் என்பது எமது துணிபு. கல்லூரி நீடு வாழ்க! ஊர்கள் நோயின்றி வாழ்க!