புதிய நகரும் தோட்டப்புற மக்களும்

கோலாலம்பூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஏரியும் பாலங்களும் அரசாங்க மாளிகைகளும் சூழ விளங்கும் புத்ராஜெயாவை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். ஆனால், அந்த நிலத்தின் பழைய பெயரை அறிந்தோர் இன்று சிலரே. அது பெராங் பெசார் தோட்டம். முதலாம் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1921ஆம் ஆண்டில் காட்டை அழித்து அத்தோட்டத்தைத் திறந்தனர். ‘பெராங் பெசார்’ என்னும் மலாய்ச் சொற்களுக்குப் ‘பெரும்போர்’ என்பது பொருள். அத்தோட்டத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஒட்டுக்கன்று இனங்கள் உலகெங்கும் பரவின. நம் நிரைகளில் நிற்கும் மரங்களுக்குப் பி.பி. 86 என்றும் பி.பி. 260 என்றும் பெயர் வழங்குகிறோமே, அந்தப் ‘பி.பி.’ என்னும் எழுத்துகள் பெராங் பெசாரையே குறிக்கின்றன. தோட்டம் மறைந்துவிட்டது, அதன் கன்றுகளின் வழிவந்த மரங்கள் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் வரை இன்றும் பால் தருகின்றன.

ஒரு நகரம் தானாக எழுவதில்லை. புத்ராஜெயா எவ்வாறு எழுந்தது என்பதை ஆராய்ந்தால், யார் யார் கூடி அதை உருவாக்கினர் என்பது விளங்கும். கோலாலம்பூரின் நெரிசலைக் கருதிப் புதிய நிர்வாகத் தலைநகரை அமைக்க மத்திய அரசாங்கம் முடிவு செய்து, 1993ஆம் ஆண்டில் பெராங் பெசாரைத் தேர்ந்தெடுத்தது. நிலம் சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆதலால் மாநில அரசாங்கத்தோடு பேச்சு நடத்த வேண்டியிருந்தது. கட்டடப் பணிகளை மேற்கொள்வதற்காக 1995ஆம் ஆண்டில் புத்ராஜெயா ஹோல்டிங்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. திட்டமிடலையும் நகர நிர்வாகத்தையும் கவனிக்க 1996ஆம் ஆண்டில் புத்ராஜெயா கழகம் செயற்படத் தொடங்கியது. 1999ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகம் அங்கே குடிபெயர்ந்தது. 2001 பிப்ரவரி முதல் நாள் அந்நகர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. மத்திய அரசு, மாநில அரசு, கட்டட நிறுவனம், நகர நிர்வாகம் ஆகிய இவை யாவும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து செய்த காரியம் அது. சுவாவ், பீசா ஆகிய ஆறுகளை மறித்து ஏறத்தாழ 400 ஹெக்டேர் ஏரியை அமைத்ததும், மேலிருந்து வரும் அழுக்கு நீரை நாணலும் கோரையும் வடிகட்டுமாறு சதுப்பு நிலங்களை உண்டாக்கியதும் அந்த ஒத்துழைப்பின் பயனே. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஆயினும், அந்த மேசையில் ஒரு நாற்காலி குறைவாக இருந்தது. பெராங் பெசார், செட்ஜ்லி, கேலவே, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் மாறின. தரைவீடு வேண்டுமென்று அம்மக்கள் அதன்பின் பல்லாண்டுகள் கோரிக்கை எழுப்ப நேர்ந்தது. கோழி வளர்த்தும் முருங்கை நட்டும் வாழ்ந்தவர்களுக்கு அடுக்குமாடி வாழ்வு எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. திட்டம் வரைபடமாக இருந்த காலத்தில் அவர்களைக் கலந்து பேசியிருப்பின், ஏறத்தாழ 4,900 ஹெக்டேர் பரப்பில் அவர்களுக்கென ஒரு மூலை கிடைத்திராதா என்று கேட்பது நியாயமே என நாம் கருதுகிறோம்.

பெராங் பெசாரின் கதை தனிக்கதையன்று. எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. எஃபிங்ஹாம், சீபீல்டு ஆகிய தமிழ்ப்பள்ளிகள் மட்டும் பட்டணத்தின் நடுவே தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நெடுஞ்சாலைக்கு அருகிலுள்ள எந்தத் தோட்டத்துக்கும் இந்நிலை நாளை வரலாம்.

அவ்வாறு வரும்பொழுது நமக்குள்ள உரிமைகள் யாவை? முதலில் வேலையைப் பற்றியது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைகளின்படி, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவருக்கு இழப்பீடு உண்டு. பணிக்காலம் இரண்டாண்டுக்குக் குறைவாயின், ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் எனில் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் எனில் 20 நாள். 22 ஆண்டுகள் பால்வெட்டிய ஒருவருக்கு 440 நாள் சம்பளம் சேரும். கடைசிப் பன்னிரண்டு மாதங்களின் சராசரியை வைத்தே ஒரு நாள் சம்பளம் கணக்கிடப்படுமாதலால், சம்பளச் சீட்டுகளை அடுப்பில் போடாமல் பத்திரப்படுத்துவது அவசியம். தோட்டம் கைமாறும்போது புதிய முதலாளி ஏழு நாள்களுக்குள், முன்னையதற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்து, தொழிலாளி தக்க காரணமின்றி மறுத்தால் அந்த இழப்பீடு கிட்டாது. அவசரத்தில் கையெழுத்திடுவதும், கோபத்தில் மறுப்பதும் ஒருங்கே ஆபத்தானவை. தொழிற்சங்கக் கிளைத் தலைவரைக் கலந்துகொண்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கில் வீடு சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லயன்வீடு நிறுவனத்தின் உடைமை. வேலை முடிந்தால் வீடும் முடிகிறது. கோயிலும் பெரும்பாலும் தனிப்பட்டா இல்லாத நிலத்திலேயே நிற்கிறது. ஆகவே வீடு, கோயில், பள்ளி, இடுகாடு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் நடைபெற வேண்டும். அந்தக் காலம் மண்வாரி இயந்திரம் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தியது.

விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு நிபந்தனைகளை விதிக்கும் அதிகாரமும் மாநிலத்துக்கு உண்டு. தொழிலாளர்க்கு வீடு ஒதுக்குமாறு கோருவதற்கு இதனினும் ஏற்ற தருணம் இல்லை. நிறுவனத்துக்கு அனுமதி தேவைப்படும் வேளையில்தான் பேச்சுக்கு வலு இருக்கும். அனுமதி கிடைத்த பின்னர் நாம் கெஞ்ச வேண்டியவராகிறோம்.

அதற்கும் முந்திய வாயில் ஒன்று உள்ளது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஊராட்சி மன்றம் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனப்படும் உள்ளூர்த் திட்டத்தின் நகலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபமோ கருத்தோ தெரிவிக்க நான்கு வாரங்களுக்குக் குறையாத தவணை அளிக்க வேண்டும். அண்டை நிலத்துக்காரருக்கு அனுப்பப்படும் வேறு சில அறிவிப்புகள் பதிவுபெற்ற உரிமையாளரையே சேரும். லயன்வீட்டுக் கதவை அவை தட்டுவதில்லை. ஆனால் உள்ளூர்த் திட்ட நகலைக் காண நிலப்பட்டா தேவையில்லை. தோட்டத் தொழிலாளியும் சென்று பார்க்கலாம், எழுதலாம்.

வரைபடத்தில் நம் தோட்டத்தின் மீது எந்த வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கோயிலும் பள்ளியும் குறிக்கப்பட்டுள்ளனவா என்பதை அதிகாரியிடமே கேட்கலாம். விளக்கம் அளிப்பது அவர் கடமை. பின்னர் கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை ஆகிய மூன்றும் தனித்தனியே மூன்று விதமாக எழுதாமல், கூடிப் பேசி ஒரே கோரிக்கையை எழுதுவது நலம். எத்தனை குடும்பங்கள், எத்தனை மாணவர்கள், கோயில் எந்த ஆண்டில் எழுந்தது என்னும் விவரங்களோடு, மலாய்மொழியில், குறித்த தேதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். விசாரணைக்கு அழைப்பு வந்தால் ஒருநாள் சம்பளம் போனாலும் சென்றாக வேண்டும். கடிதத்தை நேரில் கொடுப்பவர், ஊராட்சி மன்றத்தின் பெற்றுக்கொண்ட முத்திரை பதிந்த பிரதியொன்றைக் கேட்டு வாங்கிச் சங்கக் கோப்பில் வைத்திருக்கட்டும்.