கொடியில் கரி படியாவிட்டால் காற்று சுத்தமா?

கேள்வி: டாக்டர், எங்கள் வீடு ராயபுரத்தில். முன்பெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் துறைமுகத்து நிலக்கரித் தூள் திட்டுத் திட்டாகப் படியும். இப்போது அது இல்லை. காற்று சுத்தமாகிவிட்டது என்று நம்பலாமா? என் மகள் திருவொற்றியூரில் இருக்கிறாள், ஐந்து மாதக் கர்ப்பிணி. லாரிகள் நிற்கும் சாலையில்தான் வீடு. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு போகச் சொல்கிறேன். அது போதுமா?
- ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: போதாதம்மா. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு எண்ணூருக்குப் போய்விட்டன. உங்கள் தெருவுக்கு அது பெரிய விடிவு. ஆனால் தூள் ஒழியவில்லை. வடக்கே குடிபெயர்ந்தது, அவ்வளவுதான்.

துணியில் படிந்த தூள் பெரும்பாலும் பருமனானது. வேகமாக வரும் பருமனான துகளால் மூக்கின் வளைவுகளில் திரும்ப முடியாது. மோதிச் சளியில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டி மூச்சுக்குழாயில் படிவதை அங்குள்ள நுண்மயிர்கள் சளியோடு மேலே தள்ளிவிடும். காறித் துப்பும்போது கறுப்பாக வருவது அதுதான்.

நான் அஞ்சுவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகளுக்கு. தலைமுடியின் பருமனில் அது சுமார் முப்பதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகையிலும், அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகையிலும் அது இருக்கிறது. புகைபோக்கியிலிருந்து வாயுவாக வெளியேறும் கந்தக டை ஆக்சைடுகூட காற்றிலேயே சல்பேட் துகளாக மாறிவிடும். இந்தத் துகள்கள் எதிலும் மோதாமல் காற்றோடு வளைந்து நெளிந்து, மூச்சுக்குழாய் இருபது முறைக்கு மேல் கிளை பிரிந்து முடிகிற காற்றுப்பை வரை போகும். அங்கே நுண்மயிர் கிடையாது. காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் துகளை விழுங்கப் பார்க்கும். முடியாதபோது அழற்சி உண்டாகும். அந்த அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வருவதற்கு அதுவும் ஒரு வழி. காற்றுப்பைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரான் கனம்கூட இல்லை. 0.1 மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் சில அதைக் கடந்து ரத்தத்திலேயே கலந்துவிடுகின்றன.

மகளைப் பற்றிக் கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன். பெல்ஜியத்தின் ஹாசல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல், நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலும் கரித்துகளைக் கண்டார்கள். துகள் இருந்தாலே குழந்தைக்குப் பாதிப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் மாசு கூடுதலான ஊர்களில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

புடவைத் தலைப்பு இந்தத் துகளைத் தடுக்காது. கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். லாரிகள் வரிசை கட்டும் நேரத்தில் சாலைப் பக்க ஜன்னலை மூடட்டும். மூடிய அறையில் கொசுவத்தியும் சாம்பிராணியும் வேண்டாம், கொசுவலை போதும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கலாம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, ராயபுரம் அளவுகளைப் பார்க்கலாம். அதில் ‘திருப்திகரம்’ என்று இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். நம் நாட்டில் 2.5 மைக்ரான் துகளுக்கு 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. கர்ப்பிணிக்கு நான் 15-ஐத்தான் கணக்கில் கொள்வேன். மகளுக்கு ஆஸ்துமாவோ ரத்த அழுத்தமோ இருந்தால், வீடு எந்தச் சாலையில் என்பதையும் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.