நெல் அவித்தலுக்கு வெந்நீர் ஆயத்தஞ் செய்தல்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் உள்ள கமக்காரர் பலர், அறுவடை முடிந்ததும் வீட்டுத் தேவைக்குரிய நெல்லைத் தாமே அவித்து, உலர்த்தி, ஆலையிற் குற்றுவிப்பர். அவித்த நெல் குற்றும்போது குறைவாகவே உடையும். தவிட்டோடு போக வேண்டிய உயிர்ச்சத்து பி1-இல் ஒரு பகுதி அரிசியினுள்ளே சென்று தங்கும். தீட்டிய பச்சையரிசியை உண்டோர் பெரிபெரி நோயுற்ற காலத்தில், மலாயாவில் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டமைக்கு இதுவே காரணமாகும்.

ஆயினும் நெல்லைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால் நீர் புளித்து, அரிசியிலும் சோற்றிலும் கெட்ட மணம் ஏறும். அவ்வரிசிக்கு நல்ல விலையும் கிடையாது. இக்குறையை நீக்க, மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்த வெந்நீர் ஊறல் முறை ஏற்றது. இம்முறையில் ஏறக்குறைய 4 மணித்தியாலத்தில் நெல் ஊறிவிடும். நீரின் சூடு சரியாயிருத்தலே இதில் முதன்மையானது.

1. நீரின் அளவும் சூடும்

நெல்லும் நீரும் சேர்ந்தபின் வெப்பநிலை 70 பாகை செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும். இதனிலும் மிகுந்தால் உமி பிளந்து மாச்சத்து நீரிற் கரையும். மிகக் குறைந்தால் நெல் உள்வரை ஊறாது. குளிர்ந்த நெல் சூட்டை இழுத்துக்கொள்ளுமாதலால், நெல்லிடுமுன் நீர் 85 பாகையளவில் இருக்க வேண்டும்.

வெப்பமானி இல்லாதோர் பின்வருமாறு செய்யலாம். நான்கு பங்கு நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, அதனுடன் ஒரு பங்கு கிணற்று நீரைச் சேர்த்தால் கலவை ஏறக்குறைய 85 பாகையாகும். 80 கிலோ நெல்லுக்கு, அதாவது ஏறத்தாழ நான்கு புசலுக்கு, 10 லீற்றர் வாளியால் எட்டு வாளி நீரைக் கொதிக்கவைத்து இரண்டு வாளி கிணற்று நீர் சேர்த்தல் போதும். வாவி நீர் உவர் கலந்ததாதலால் உதவாது.

2. அடுப்பு

80 லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க வேண்டிய வெப்பம் ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகிலேயே உண்டு. ஆனால் வெளியிடத்தில் மூன்று கல் வைத்து எரிக்கும்போது, வெப்பத்தில் ஏழில் அல்லது பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேரும். எஞ்சியதைக் காற்றுக் கொண்டுபோகும். ஆகவே 10 முதல் 15 கிலோ விறகு செலவாகிறது.

இவ்விழப்பைக் குறைக்கப் பாத்திரத்தைச் சுற்றிக் களிமண்ணாலும் செங்கல்லாலும் சுவர் எழுப்புக. சுவருக்கும் பாத்திரத்துக்குமிடையே இரண்டு விரல் இடைவெளி விட்டால் சுவாலை பக்கங்களையுந் தழுவி மேலெழும். சிறுபோக அறுவடைக் காலத்தில் கச்சான் காற்று பலமாக வீசுமாதலால், அடுப்பின் வாயைக் காற்றுக்கு நேராக வையாதீர். பாத்திரத்தை மூடியே காய்ச்சுக.

3. விறகு

ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் ஈரத்தைப் போக்குவதிலேயே கழியும். விறகைச் சிறிதாகப் பிளந்து, மாரிக்கு முன்னரே கூரையின்கீழ் அடுக்கி வைக்க வேண்டும். வேலியிற் கழித்த கிளிரிசீடியாக் கொம்பு, பனைமட்டை, தென்னைமட்டை, சிரட்டை ஆகியன ஏற்றவை. வாவியோரக் கண்டல் மரங்களை வெட்டலாகாது. அவற்றின் வேர்களிடையே மீன்குஞ்சும் இறாலும் வளர்கின்றன. கரையும் அரிப்பினின்று காக்கப்படுகிறது.

4. செய்முறை

நீர் காய்ச்சிய பாத்திரத்திலேயே நெல்லை ஊறவைப்பது நன்று. கொதிநீரைச் சுமக்கும் இடர் அதனால் நீங்கும். நீர் கொதித்ததும் விறகையும் தணலையும் முற்றாக வெளியே இழுத்து அணைத்துவிடுக. கிணற்று நீரைச் சேர்த்து, நெல்லைச் சிறிது சிறிதாகக் கொட்டி, நீண்ட மரத்துடுப்பாற் கிளறி, மிதக்கும் சப்பியை அரித்தெடுக்க. பின்பு மூடிச் சாக்குகளாற் போர்த்துக.

4 மணித்தியாலத்தின்பின் ஒரு நெல்லை உரித்துக் கடித்துப் பார்க்க. நடுவில் உலர்ந்த வெண்மை இல்லையேல் ஊறல் முடிந்தது. நீரை வடித்து, துளைத்தட்டின் மேலிட்டு, உமி வாய்பிளக்கும்வரை ஆவியில் அவிக்க. ஊறல் நீரைக் கிணற்றருகே ஊற்றலாகாது. அவித்த நெல்லைப் படங்கில் உலர்த்தி, இடையில் சில மணித்தியாலம் நிழலிற் குவித்துவைத்து, மறுபடியும் காயவிட்டால் ஆலையில் நொறுங்காது.

5. பாதுகாப்பு

கிருமிநாசினி, எரிபொருள் முதலியன இருந்த பீப்பாயை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மூடியை இறுகப் பூட்டுதலும் கூடாது. ஆவி வெளியேற வழி வேண்டும். அடுப்பு வைக்கோற்போருக்குத் தொலைவில், பொறிகள் போர்ப்பக்கம் பறவாத திசையில் இருத்தல் வேண்டும். பிள்ளைகளை அருகில் விடாதீர். கொதிநீர் பட்டால், அவ்விடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தூய நீரை ஊற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. எண்ணெயோ பற்பசையோ பூசலாகாது.

நாற்பங்கு கொதிநீர், ஒருபங்கு கிணற்று நீர், நெல்லிடுமுன் தீயை நீக்குதல்: இம்மூன்றையும் கைக்கொள்ளும் கமக்காரர் விறகையும் நாளையும் மீதப்படுத்தி, மணங்கெடாத அரிசியைப் பெறுவர்.